சிறிய டர்போ ரோட்ஸ்டரும் வளைவுச் சாலையும்: அபார்த் 124 ஓட்டிய அனுபவம்

#1 வளைவுநேசன்

அபார்த் 124 ஸ்பைடர் மலைச்சாலையில் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லி வேறோர் இழையில் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே எழுதினால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் தனி இழை.

வண்டியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபியட்டின் ஸ்போர்ட்ஸ் பிரிவான அபார்த்தின் ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் இரண்டு இருக்கை வண்டி. 2016-ல் வந்தது. நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது நாம் என்டி என்று சொல்கிற வண்டியின் அடித்தளம்தான். ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ஆலையிலேயே தயாரானது. இன்ஜின் மட்டும் ஃபியட்டுடையது: 1,368 சிசி, நான்கு சிலிண்டர், மல்டிஏர் டர்போ. (டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றும் டர்பைனை வைத்து இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி.) 170 பிஎஸ் (குதிரைத்திறன்), 2,500 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). எடை 1,060 கிலோ. பின்சக்கர இயக்கம், ஆறு கியர் மேனுவல், மெக்கானிக்கல் எல்எஸ்டி (சக்கர வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), பில்ஸ்டீன் டேம்பர், முன்பக்கம் பிரெம்போ பிரேக். இதன் சாந்தமான உடன்பிறப்பு ஃபியட் 124 ஸ்பைடர். ஐரோப்பாவில் 140 பிஎஸ்.

முதலில் உட்காரும் இடத்தைச் சொல்ல வேண்டும். பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இருக்கை. கால் நீட்டித் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எதிரே நீளமான பானெட், அதன் மேல் இரண்டு மேடு. வளைவில் திரும்பும்போது உள்பக்க மேடு சாலையோர வெள்ளைக் கோட்டோடு ஒட்டி வரும். அதைப் பார்த்தே முன்சக்கரம் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம். பின்சக்கரத்தைக் கண்ணால் தேட வேண்டாம், இடுப்புக்கே தெரியும். பின்டயர் ஒரு விரற்கடை வழுக்கினாலும் அந்த நொடியே உடம்புக்கு வந்து சேரும். பெரிய வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் பயமாக இருக்கும். பழகிய பிறகு இது இல்லாத வண்டியில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பகுதியிலேயே பிரேக் பிடித்து முடித்து, இரண்டாவது கியருக்கு வந்தாயிற்று. வளைவின் நடுவில் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இரண்டாவது கியரில் அது ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம். முழு டார்க் 2,500-ல், அதாவது 37, 38 வேகத்தில் கிடைக்கும். நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் இந்த வண்டியின் குணம் முழுவதும் இருக்கிறது.

வளைவு முடிந்து பாதை கண்ணில் பட்ட பிறகு மிதித்தால், முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு நேரம் கழித்து, ஸ்டியரிங் முழுதாக நேராவதற்கு முன்பே, டார்க் மொத்தமும் பின்சக்கரத்துக்கு வந்து இறங்கும். வால் பக்கவாட்டில் நகரும். எல்எஸ்டி இருப்பதால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாது, இரண்டும் சேர்ந்தே நகரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மலையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சரிவும் இருக்கும் இடத்தில், நாம் கேட்காமல் அது நடக்கக் கூடாது.

சரியான வழி, வளைவின் நடுப்புள்ளிக்கு வருவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி மிதித்து அப்படியே பிடித்திருப்பது. வண்டி வேகம் எடுக்காது, ஏற்றம் அதைச் சாப்பிட்டுவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் ஓட்டம் நிற்காது, டர்பைன் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது மீதியை மிதித்தால் உடனே இழுக்கும், அதுவும் படிப்படியாக, பாய்ச்சல் இல்லாமல். தேவைப்படுகிற இடத்துக்கு முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். அந்தக் கணக்கு காலுக்குப் படிந்துவிட்டால் இந்த வண்டி ஓட்டுவதில் இருக்கும் சுகமே தனி. வளைவைப் படித்து, அது எப்படித் திறக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த முடிவு சரியாக அமையும்போது வருகிற திருப்தியை வேறு எந்த வண்டியிலும் நான் இந்த அளவுக்கு உணர்ந்ததில்லை.

அடுத்தது மூன்றாவது கியர். கொண்டை ஊசி வளைவுகளை விட்டுவிட்டால், மற்ற எல்லா வளைவுக்கும் மூன்றாவது போதும். 50-ல் சுமார் 2,400 ஆர்பிஎம், 60-ல் சுமார் 2,900. சாலையில் நியாயமாகப் போகக்கூடிய வேகம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். இரண்டாவதுக்கு இறக்கி, இன்ஜினை அலறவிட்டு ஓட்டினால் வேகமாகப் போகிற மாதிரி தோன்றும், ஆனால் வண்டி பதற்றமாக இருக்கும். மூன்றாவதில் விட்டால் பின்பக்கம் அமைதியாக உட்கார்ந்து, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு ஒரே கோடாகப் போகும். 5,500-க்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, 6,500-ல் சிவப்புக் கோடு, அதாவது இன்ஜின் சுற்றின் வரம்பு. அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை.

மேற்கூரையைத் திறந்துவிட்டுப் பாறைச் சுவரை ஒட்டி ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டர்போவின் பெருமூச்சு சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சத்தத்தை வைத்தே பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நான் பழகியிருக்கிறேன். மீட்டரைப் பார்க்கிற நேரம் மிச்சம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

---

#2 ஏழாயிரம்ஆர்பிஎம்

நல்லா எழுதியிருக்கீங்க நண்பரே. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் ஓட்டுறது என்டி 2.0, டர்போ கிடையாது. 2019 மாடல்ல வந்த மாத்தத்துக்கு அப்புறம் 184 பிஎஸ், அது 7,000 ஆர்பிஎம்ல வருது, சிவப்புக் கோடு 7,500. டார்க் 205 தான், உங்களோடதுல 250. ஆனா என் வாதம் எண்ணிக்கையில இல்ல.

வளைவுக்கு நடுவுல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் மேல கால் கட்டை விரலை ஒரு நூலளவு அழுத்தினா, வண்டி ஒரு நூலளவு வெளியே போகணும். ஒரு நூலளவு எடுத்தா ஒரு நூலளவு உள்ளே வரணும். என்டில அது நடக்குது. எப்போ அழுத்தினாலும், எந்த ஆர்பிஎம்ல அழுத்தினாலும், பதில் ஒரே மாதிரி இருக்கு. டர்போல கால்வாசி மிதிச்சாலும் இப்போ ஒரு பதில், அரை நொடி கழிச்சு வேற பதில். நீங்க சொல்ற "முன்கூட்டியே கேட்டு வைக்கிறது" தெரிஞ்ச ரோட்ல சரி. முதல் தடவை போற ரோட்ல, வளைவு உள்ளே போகப் போக இறுகுதுன்னா? அப்போ நீங்க முன்னாடியே கேட்டு வெச்சது தப்பான நேரத்துல வந்து நிக்கும்.

அப்புறம் அந்த மூணாவது கியர் விஷயம். கியர் மாத்துறதுதான் சார் ரோட்ஸ்டர் ஓட்டுறதே! என்டியோட கியர் லீவர் மணிக்கட்டை அசைச்சாலே அடுத்த கியருக்குப் போயிடும். பிரேக் பிடிச்சுக்கிட்டே குதிகாலால ஆக்ஸிலரேட்டரைத் தட்டி மூணுலருந்து ரெண்டுக்கு இறக்கி, கிளட்ச்சை விடும்போது ஒரு குலுங்கல்கூட இல்லாம வந்து உட்காரணும். அதை விட்டுட்டு ஒரே கியர்ல ஓட்டுறதுக்கு ஆட்டோமேட்டிக்கே வாங்கிடலாமே.

---

#3 டர்பைன்

இருவரும் சொல்வது சரி, இருவரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறீர்கள். தொழில்நுட்பப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

டர்போவுக்கு உயிர் எக்ஸாஸ்ட் வாயு. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டால் வாயு ஓட்டம் சட்டென்று குறையும். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள். அந்த வேகத்திலிருந்து கீழே இறங்கி மறுபடி மேலே ஏற நேரம் பிடிக்கும். வளைவுநேசன் சொன்ன கால்வாசி மிதி அந்தத் தண்டை ஓய விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய ரேலி ஓட்டுநர்கள் இதையே இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு வலது காலால் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துச் செய்தார்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் கணினி இன்ஜினை அடக்கிவிடும், அதனால் அதை முயல வேண்டாம்.

மலையில் டர்போவுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 1,000 மீட்டரில் கடல் மட்டத்தைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு, 2,000 மீட்டரில் சுமார் 18 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய அதே அளவு சக்தியை இழக்கும். இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். அந்த உயரத்தில் 184 பிஎஸ் இன்ஜின் 140-ஐ ஒட்டிய ஒன்றாக மாறிவிடும். டர்போ இன்ஜினில் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) கொஞ்சம் கூடுதலாக மூடியிருந்து, தண்டு இன்னும் வேகமாகச் சுற்றி, அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. தண்டு அதிக வேகத்துக்குப் போக வேண்டியிருப்பதால் அந்த உயரத்தில் லேக் (மிதித்த பிறகு டர்போ இழுக்க ஆகும் தாமதம்) இன்னும் சற்று நீளும்.

இன்னொன்று வெப்பம். தொடர்ந்து கொண்டை ஊசி வளைவுகள் வந்தால் வேகம் குறைவு, இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) மேல் படுகிற காற்றும் குறைவு. உள்ளே போகும் காற்று சூடானால் அடர்த்தி குறையும், கணினி இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்தள்ளும், வண்டி கொஞ்சம் மந்தமாகும். நீளமான ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் "முதலில் இருந்த இழுவை இல்லையே" என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழுது இல்லை.

---

#4 குட்டிவண்டிக்காரி

170 பிஎஸ், 184 பிஎஸ்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. என் பக்கத்துலருந்தும் ஒரு குரல்.

நான் ஓட்டுறது ஹோண்டா எஸ்660. 658 சிசி, மூணு சிலிண்டர் டர்போ, இன்ஜின் என் முதுகுக்குப் பின்னால. ஜப்பான்ல கெய்னு சொல்ற குட்டிக் கார் வகைக்குன்னு இருக்கிற வரம்புக்குள்ள வர்ற வண்டி, அதனால 64 பிஎஸ் தான். 104 நியூட்டன் மீட்டர். எடை 830 கிலோவை ஒட்டி. 2015-லருந்து 2022 வரைக்கும் வந்துச்சு.

இதோட பெரிய பலம் அகலம். 1,475 மில்லிமீட்டர். அபார்த் 124 1,740. அதாவது 265 மில்லிமீட்டர் குறைவு, ஒரு சாணுக்கும் கொஞ்சம் மேல. மலையில பல இடத்துல ஒரு தடம்னு சொல்றதே ரெண்டரை மீட்டர், மூணு மீட்டர்தான். அந்த இடத்துல எனக்கு ஒரு சாண் அதிகமா கிடைக்குது. என் தடத்துக்குள்ளேயே வெளிப்பக்கமா நுழைஞ்சு, உள்பக்கம் தொட்டு, மறுபடி வெளிப்பக்கமா வர இடம் இருக்கு. அகலமான வண்டிக்கு அதே தடத்துல கோடு தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்ல, நடுவுல போகணும், அவ்வளவுதான். ஒரே ரோடு எனக்குப் பெரிசா இருக்கு.

டர்போ லேக் பத்தி: இதுல முழு டார்க் 2,600-ல. இருக்குறதே 104 நியூட்டன் மீட்டர்ங்கறதால, அது லேட்டா வந்தாலும் பின்டயரை அசைக்காது. முழுசா மிதிச்சுக்கிட்டே வளைவுலருந்து வெளியே வரலாம். சக்தி கம்மியா இருந்தா, இருக்குற சக்தி மொத்தத்தையும் பயமில்லாம உபயோகிக்கலாம். வேகம் முக்கியம்னா இந்த வண்டி வேண்டாம். ஓட்டுறது முக்கியம்னா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

---

#5 வளைவுநேசன்

குட்டிவண்டிக்காரி, அகலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. எதிரே பேருந்து வரும் குறுகிய வளைவில் நான் உள்பக்கச் சக்கரத்தை ஜல்லிக்குள் இறக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

ஏழாயிரம், உங்கள் இறுகும் வளைவுக் கேள்வி நியாயமானது. தெரியாத சாலையில் கால்வாசி மிதியை நான் பாதை திறக்கும்வரை கூட்டவே மாட்டேன். கால்வாசி என்பது வேகத்தைத் தக்கவைக்கிற அளவுதான், ஏற்றத்தில் அது வண்டியைத் தள்ளாது. வளைவு இறுகினால் காலை மெதுவாக எடுத்தால் போதும், மூக்கு உள்ளே வரும். இழப்பு என்னவென்றால் பூஸ்ட் போய்விடும், வெளியே வரும்போது கொஞ்சம் சோம்பலாக வருவேன். ஆபத்து எதுவும் இல்லை.

கியர் மாற்றுவது பற்றி: அபார்த்தில் இருப்பது என்டியின் கியர்பாக்ஸ் இல்லை. டார்க் அதிகம் என்பதால் முந்தைய தலைமுறை எம்எக்ஸ்-5-ன் ஆறு கியர் பெட்டியைப் போட்டிருக்கிறார்கள். லீவர் கொஞ்சம் கனமாக, உலோகத்தோடு உலோகம் சேர்வது கைக்குத் தெரிகிற மாதிரி விழும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நான் சொன்னது, மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான். மாற்றினால் யாரும் தடுக்கப் போவதில்லை.

---

#6 பின்சக்கரம்

தம்பிகளா, எல்லாரும் ஏறுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். இறங்குவதை யார் எழுதுவது?

நீண்ட காலமாகப் பின்சக்கர இயக்க வண்டிகளை மலையில் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏற்றத்தில் வண்டி நம்மை மன்னிக்கும். எடை பின்பக்கம் இருக்கும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் தானாக வேகம் குறையும். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். எடை முன்னால் சாய்ந்திருக்கும், பின்பக்கம் லேசாக இருக்கும். இந்த வகை வண்டிகளின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) குட்டை. 124-க்கும் என்டிக்கும் 2,310 மில்லிமீட்டர்தான். இறக்கத்தில் வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கைத் தொட்டாலோ, பின்பக்கம் இன்னும் லேசாகி வால் சுற்றும். குட்டை வீல்பேஸில் அது சுற்றுகிற வேகம் நீங்கள் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்கிற வேகத்தைவிட அதிகம்.

அதனால் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கிற வேலை முழுவதும் நேர்ப்பகுதியிலேயே முடிய வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது கால் ஆக்ஸிலரேட்டர் மேல் இருக்க வேண்டும், மிக லேசாக, வண்டியைத் தள்ளாமலும் பிடிக்காமலும். மெதுவாக உள்ளே போனவன் நிம்மதியாக வெளியே வருவான்.

டர்போ வண்டிக்கு இங்கே ஒரு சிறப்புக் கவனம் வேண்டும். 1.4 லிட்டர் இன்ஜினில் இன்ஜின் பிரேக்கிங் 2.0 லிட்டர் இன்ஜினைவிடக் குறைவு. ஏறும்போது மூன்றாவது கியர் போதும் என்று வளைவுநேசன் சொன்னது சரி. இறங்கும்போது இரண்டாவதுக்கு வாருங்கள். இல்லையென்றால் அந்த வேலை மொத்தமும் பிரேக் தலையில் விழும்.

பிரேக் தளர்வதை இரண்டு விதமாகக் காணலாம், இரண்டுக்கும் காரணம் வேறு. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு தரநிர்ணயப்படி அந்த அளவு 155 டிகிரிதான். கிலோமீட்டர் ஓடவில்லை என்று பிரேக் ஆயிலை மாற்றாமல் விடாதீர்கள். வாரக் கடைசியில் மட்டும் வெளியே வருகிற ரோட்ஸ்டர்களில்தான் இது அதிகம் மறக்கப்படுகிறது.

இன்னொன்று. எதிர்த் தடத்தைத் தொட்டு வளைவு எடுக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். எதிரே வருபவர் குடும்பத்தோடு வருவார்.

---

#7 புதியகூரை

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இந்த இழையைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு.

பழைய 124 ஒண்ணு வாங்கலாம்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். புதுசா வர்றது நின்னு போச்சு, அதனால பழசுதான் வழி. என் கேள்விகள்:

வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜின்ல குறிப்பா என்ன பார்க்கணும்? மலை ஏறி முடிச்சதும் உடனே இன்ஜினை நிறுத்தக் கூடாதுன்னு சொல்றாங்களே, இப்போ வர்ற டர்போவுக்கும் அது பொருந்துமா? ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை (வண்டி வழுக்கினா தானா பிரேக் பிடிச்சு நேராக்குற அமைப்பு) ஆஃப் பண்ணி ஓட்டினாத்தான் இந்த வண்டியோட அருமை தெரியும்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

---

#8 டர்பைன்

வாங்குவது பற்றி: மல்டிஏர் என்பதன் சூட்சுமம் ஆயிலில் இருக்கிறது. கேம்ஷாஃப்டுக்கும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இன்டேக் வால்வுக்கும் நடுவில் இன்ஜின் ஆயில் நிரம்பிய சிறிய அறை ஒன்று உண்டு. சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) அந்த ஆயிலைப் பிடித்து வைக்கும் அல்லது வெளியே விடும். அதைப் பொறுத்து வால்வு எவ்வளவு திறக்கும், எப்போது மூடும் என்பது மாறும். ஆக, ஆயில் அழுக்காக இருந்தாலோ, அளவு குறைந்தாலோ, தவறான கிரேடு ஊற்றியிருந்தாலோ முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பகுதிதான். சர்வீஸ் பதிவேட்டில் ஆயில் மாற்றிய தேதிகளைப் பாருங்கள். எந்த ஆயில் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் இல்லாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் தொட மாட்டேன். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலிங் சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இதில் கேம்ஷாஃப்டைச் சுழற்ற டைமிங் பெல்ட் உண்டு. எம்எக்ஸ்-5-ல் இருப்பது செயின், அதை மனதில் வைத்துக்கொண்டு இதையும் அப்படியே நினைத்துவிட வேண்டாம். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் பெல்ட்டுக்கு வயது ஒரு கணக்கு.

கூரைத் துணிக்குப் பின்னால் இருபுறமும் மழைநீர் வடியும் துளைகள் இருக்கும். இலை, தூசி அடைத்தால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் தேங்கும். கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

இன்ஜினை நிறுத்துவது பற்றி: ஆம், இப்போதும் பொருந்தும், ஆனால் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெட்ரோல் டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. முழு மிதியில் ஏறி உச்சியில் சட்டென்று சாவியைத் திருப்பினால், தண்டின் பேரிங்கில் நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படியும். இன்றைய டர்போக்கள் பலவற்றில் தண்ணீர்க் குளிரூட்டலும் சிந்தெட்டிக் ஆயிலும் இருப்பதால் ஆபத்து முன்பைவிடக் குறைவு. நின்றுகொண்டே ஐடிலில் காத்திருப்பதைவிட, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைப் பூஸ்ட் இல்லாமல் நிதானமாக ஓட்டி வந்து நிறுத்துவது நல்லது. அப்போது இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றும் கிடைக்கிறது.

---

#9 பின்சக்கரம்

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பொதுச் சாலையில் ஆஃப் செய்யாதீர்கள் தம்பி. அது வேலை செய்கிறது என்று விளக்கு மின்னினால், நீங்கள் அந்தச் சாலைக்கு அதிக வேகத்தில் போகிறீர்கள் என்று அர்த்தம். சரியாக ஓட்டும்போது விளக்கு மின்னவே மின்னாது, அப்போது அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். வண்டியின் எல்லையைத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் மூடிய தளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஈரத் தரையில் பழகுங்கள். ஈரத்தில் எல்லாம் குறைந்த வேகத்திலேயே நடக்கும், கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும்.

---

#10 வளைவுநேசன்

அண்ணன் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஸ்போர்ட் மோடு பற்றி மட்டும் சேர்க்கிறேன். அதைப் போட்டால் ஆக்ஸிலரேட்டர் கூர்மையாகும், ஸ்டியரிங் கனமாகும். கனமான ஸ்டியரிங் எனக்குப் பிடிக்கும். கூர்மையான ஆக்ஸிலரேட்டர் வளைவுக்குள் உதவாது, ஏனென்றால் நமக்கு வேண்டியது கால்வாசி மிதியை நுணுக்கமாகப் பிடிப்பது. ஈரச் சாலையில் சாதாரண மோடில்தான் ஓட்டுவேன்.

புதியகூரை, மேற்கூரையைத் திறந்து ஓட்டும்போது முதல் சில நாள் காற்று தொந்தரவாக இருந்தால் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், பாதி குறைந்துவிடும். கூரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளலாம். திறந்து ஓட்டுவதில் அழகு மட்டும் இல்லை, பயனும் உண்டு. மறைவளைவில் எதிரே வருகிற லாரியின் இன்ஜின் சத்தம் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும்.

---

#11 ஏழாயிரம்ஆர்பிஎம்

இந்த இழை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நண்பர் ஒருத்தரோட அபார்த் 124-ஐ வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அவர் என் என்டியை எடுத்துக்கிட்டார். அதே மலை, ஏறி இறங்கினோம். பார்த்ததைச் சொல்றேன்.

ஏறும்போது வளைவுநேசன் சொன்னபடியே மூணாவது கியர்ல விட்டேன். முதல்ல ரெண்டாவதுக்கு இறக்கவே கை துறுதுறுத்துச்சு. கட்டுப்படுத்திக்கிட்டு, நடுப்புள்ளிக்கு முன்னாடியே கால்வாசி பிடிச்சேன். வெளியே வரும்போது வந்த இழுவை என் வண்டில கிடையாது, அதை ஒத்துக்கணும். என் என்டில அந்த இடத்துல 3,000-ல இருந்தா ஒண்ணும் நடக்காது, ரெண்டாவதுல 5,000-ல வெச்சிருந்தாத்தான் ஈடுகொடுக்க முடியும். இங்க 2,800-லயே முதுகை இருக்கையோட சேர்த்து அழுத்துது. மேலே போகப் போக வித்தியாசம் அதிகமாச்சு, டர்பைன் சொன்ன காற்று அடர்த்தி விஷயம்தான். எனக்குப் பின்னால வந்த நண்பர் என் வண்டி மேலே மூச்சு வாங்குதுன்னார்.

இறங்கும்போது என் கருத்து மாறல. லேசா அழுத்தி லேசா எடுத்து வண்டியைக் கோட்டுல வைக்கிற வேலைக்கு என்டிதான். இறக்கத்துல பூஸ்ட்டே தேவைப்படாது, ஆனா காலை லேசா அழுத்தினா சில நேரம் பூஸ்ட் வந்து எட்டிப் பார்க்குது, சில நேரம் இல்ல. எது எப்போன்னு காலுக்குத் தெரியலை. இன்ஜின் பிரேக்கிங்கும் அண்ணன் சொன்ன மாதிரி குறைவுதான், ரெண்டாவதுல கூட.

ஸ்டியரிங் பத்தி: அடித்தளம் ஒண்ணாயிருந்தும் ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு. அபார்த் வளைவுல சாயறது குறைவு. என்டி முதல்ல சாய்ஞ்சு, அப்புறம் பிடிச்சு நிக்கும். அந்தச் சாய்வு எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்குன்னு எனக்குச் சொல்லுது, அதனால எனக்கு அது வேணும். புதுசா ஓட்டுறவங்களுக்கு அபார்த்தோட இறுக்கம் நம்பிக்கையைக் கொடுக்கலாம்.

ஆக ஏறுறதுக்கு உங்க வண்டி, இறங்குறதுக்கு என் வண்டி.

---

#12 குட்டிவண்டிக்காரி

ரெண்டுக்கும் நடுவுல எதிரே லாரி வந்தா என் வண்டி. 🙂

ஏழாயிரம், பாரபட்சம் இல்லாம எழுதினதுக்கு நன்றி. இறக்கத்துல பூஸ்ட் எட்டிப் பார்க்குறதை நானும் பார்த்திருக்கேன், ஆனா என் வண்டில இருக்குற கம்மி சக்திக்கு அது தொந்தரவா தெரியாது.

---

#13 புதியகூரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கு ஒரு வண்டியைப் பார்க்கப் போறேன், காலையில வர்றேன், சூடாக்காம வைங்கன்னு சொல்லியிருக்கேன். கடைசியா ஒரு கேள்வி: டயர் காற்று எவ்வளவு வைக்கணும்? மலைக்குப் போகும்போது குறைக்கணுமா?

---

#14 டர்பைன்

கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவை வையுங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. அதிலிருந்து குறைக்க வேண்டாம். ஓட ஓடச் சூடாகும், சுமார் 5, 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பிஎஸ்ஐ வீதம் ஏறும். மேலே போய் நிறுத்தி, அளந்து பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் டயர் குளிர்ந்ததும் அளவு குறைந்து நிற்கும். இவ்வளவு லேசான வண்டியில் டயர் சூடாகவும் நேரம் எடுக்கும், அதனால் முதல் சில கிலோமீட்டர் வளைவுகளைச் சும்மா எடுங்கள். பார்க்கப் போகிற வண்டியில் டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். டயர் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசாகி இறுகியிருந்தால் முதல் செலவு அதுதான்.